நெஞ்செரிச்சல் இல்லை என்று சொன்னது நான்தான்

மாதேஷு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது. வீட்டில் இருக்கும்போதெல்லாம் நீ உள் அறையில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய். நான் ஹாலில் உன் மகளோடு உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு துணித் திரைதான். அதைத் தள்ளிக்கொண்டு நேற்று ராத்திரி மூன்று தடவை உள்ளே வந்தேன். முதல் தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இரண்டாம் தடவை ஃபேனைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். மூன்றாம் தடவை நீயே முந்திக்கொண்டு, "என்னப்பா?" என்றாய். ஒண்ணுமில்லை, சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் இன்றைக்கு டியூட்டிக்கு வந்த இடத்தில், அபார்ட்மென்ட் கேட் பக்கத்து அறையில் உட்கார்ந்து, விசிட்டர் நோட்டின் பின்பக்கத் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். நாளைக் காலை நீயும் ரூபாவும் பெங்களூருக்கு ஆஸ்பத்திரி அட்மிஷனுக்குப் புறப்படுகிறீர்கள். அதற்குள் இது உன் கையில் வந்து நீ படித்து முடித்திருக்க வேண்டும். ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும். என்னைக் கூட வரவேண்டாம் என்று ரூபாவிடம் நீ சொன்னதும் எனக்குத் தெரியும். அதற்காக எழுதவில்லை. நீ சொன்னது சரிதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு அப்போது இருபத்தேழு வயது, எடை நூற்று நாற்பத்தெட்டு கிலோ. கம்பெனியில் உன் அளவுக்கு யூனிஃபார்ம் கிடையாது, தையல்காரரிடம் தனியாகத் தைத்துக்கொண்டாய். லைனில் நின்றபடியே கண் சொக்கிவிடும். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஜூஜூவாடி பக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கிப்போய், ரோட்டோரக் குழியில் இறங்கிவிட்டாய். கை மட்டும் பிசகியது. பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் போட்டதால் இன்று நீ இருக்கிறாய். தூக்கத்தில் உனக்கு மூச்சு அடைக்கிறது, அதனால்தான் பகலில் தூக்கம் தள்ளுகிறது, எடை குறையாமல் இது போகாது என்று ஓசூர் டாக்டர் சொல்லி நம்மைப் பெங்களூருக்கு அனுப்பினார். நீயும் நானும் கம்பெனி லீவு பார்த்து ஒரு செவ்வாய்க்கிழமை போனோம்.

அந்தப் பெரிய டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு படம் போட்டது உனக்கு நினைவிருக்கும். முதல் படத்தில் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்கை எடுத்துப் போட்டுவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயாக மிச்சம் விட்டிருந்தார். இரண்டாவது படத்தில் இரைப்பையின் மேல்புறம் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, கீழே குடலை வெட்டி மேலே இழுத்து, அந்தப் பையோடு சேர்த்துத் தைத்திருந்தார். அதில் இரண்டு இடத்தில் ஜாயிண்ட் வரும் என்றார். நீ ஃபோனில் பார்த்துவிட்டு வந்து இரைப்பைக்குள் பலூன் வைக்கலாமா என்று கேட்டாய். உங்கள் எடைக்கு அது சில மாதத்துக்குத்தான், எடுத்ததும் பழையபடி ஏறிவிடும் என்று அவர் தள்ளிவிட்டார். இரண்டில் ஒன்று, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றார். உனக்கு மூன்று வருடமாகச் சுகர் இருப்பதால் இரண்டாவதுதான் நன்றாகக் கேட்கும் என்று தன் எண்ணத்தையும் சொன்னார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு உன்னைப் பார்த்துக் கேட்டார்.

"நெஞ்செரிச்சல் உண்டா? படுத்தா புளிச்ச தண்ணி மேல எதுக்களிச்சுட்டு வருதா? இருந்தா சொல்லிருங்க. இருந்தா முதலாவது வேணாம், அது அதை ஜாஸ்தி பண்ணும்."

நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன். "அதெல்லாம் இல்ல சார். எப்பவாவது மசாலா ஜாஸ்தியா சாப்பிட்டாதான்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் வண்டியின் பக்கப் பெட்டியில் எந்நேரமும் ஒரு ரோஸ் கலர் மருந்து பாட்டில் கிடக்கும். மூடியைத் திறந்து வாய் வைத்துக் குடிப்பாய். அந்த பாட்டிலைப் பாதி நாள் வாங்கிவந்து போட்டவன் நான். எனக்குத் தெரியாமல் சொன்னதில்லை மாதேஷு. டாக்டர் கேட்ட கேள்வியில் எந்தப் பதில் எந்தப் படத்துக்குப் போகும் என்று நன்றாகப் புரிந்துகொண்டுதான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியபோது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாய். சின்ன ஆபரேஷன் என்றால் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம் இல்லையா என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உனக்கு எப்போதும் அப்படித்தான். நான் ஒன்று சொன்னால் அதை மறுத்துப் பேசி எனக்கு மனவருத்தம் தரக்கூடாது என்று சின்ன வயதிலேயே பழகிக்கொண்டாய். அந்தப் பழக்கத்தை உனக்கு உண்டாக்கியதும் நான்தான்.

இனி எழுதப்போவதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. உன் அத்தைக்கு மட்டும் தெரியும். அவளிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன்.

உன் அம்மா விஷக் காய்ச்சலில் போகவில்லை. நீ அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் ஓசூரில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து வாரத்துக்கு ஒருநாள் நம்ம ஊர் மத்தூருக்கு வந்து போவேன். அந்த வாரம் நாலு நாள் லீவு கிடைத்து வந்திருந்தேன். வந்த மறுநாள் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாயு என்று நினைத்தேன். சோடா வாங்கிக் கொடுத்தேன், ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் வயிறு கல்லுபோல ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள்தான் முதலில் சொன்னாள். நான், குடல் ஏறியிருக்கும், தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து ஊரில் குடல் தட்டுகிறவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் எண்ணெய் போட்டு வயிற்றை அமுக்கி அமுக்கி உருவினார். அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். மூன்றாம் நாளும் சரியாகிவிடும் என்று பார்த்தேன். நாலாம் நாள் பச்சையாக வாந்தி எடுத்த பிறகுதான் வாடகைக் கார் பிடித்தேன். கிருஷ்ணகிரியில் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போன அன்றைக்கே ஆபரேஷன். குடலில் அடைப்பு, ஒரு துண்டு கறுத்துப்போய்விட்டது, அதை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறோம் என்றார்கள். அந்தத் தையல் பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஜுரம் வந்தது, ஏழாம் நாள் முடிந்துவிட்டது. நீ அப்போது அத்தை வீட்டில் இருந்தாய். விஷக் காய்ச்சல் என்று சொன்னோம், நீயும் நம்பினாய். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடமும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாய்.

அங்கே இருந்த டாக்டர் என்னிடம் கோபப்படவில்லை. ரெண்டு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே என்று மட்டும்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு என்னால் நடக்க முடியவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு, எனக்கு வசதியாக இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். குடலை வெட்டித் தைத்தால் பிடிக்காது, குடலில் கத்தி வைத்தால் ஆள் மிஞ்சாது என்று நானே எனக்குச் சொல்லிச் சொல்லி அதை உண்மையாக்கிவிட்டேன். பதினைந்து வருடம் கழித்து பெங்களூர் டாக்டர் தாளில் குடலை வெட்டி மேலே இழுத்து இரண்டு ஜாயிண்ட் என்று போட்டதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. உன் சுகர் என் நினைவில் இல்லை, உன் நெஞ்செரிச்சல் நினைவில் இல்லை. முதல் படம் போதும், இரைப்பையோடு நிற்கட்டும் என்று பொய் சொன்னேன். என் பயத்துக்கு உன் வயிற்றைக் கொடுத்தேன்.

நடுவில் தண்ணீர் லாரி வந்தது. கேட் திறந்துவிட்டு, நம்பர் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் உடம்பு இப்படி ஆனதற்கும் எனக்கு ஒரு பங்கு உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். அம்மா போன பிறகு உன்னை ஓசூருக்குக் கூட்டிவந்தேன். எனக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது. பகல் ஷிஃப்ட் என்றால் பேக்கரியில் பன்னும் பஃப்ஸும் வாங்கி வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வரும்போது பரோட்டா பார்சல், இல்லாவிட்டால் தள்ளுவண்டி கோபி மஞ்சூரி. அந்தப் பார்சலைப் பிரிக்கும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வீட்டில் வேறு எதற்கும் அந்த வெளிச்சம் வராது. அதைப் பார்ப்பதற்காகவே ஒன்று கேட்டால் இரண்டு வாங்கினேன். உன்னிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் வாங்கிக் கொடுத்தேன். ஒன்பதாவது படிக்கும்போது உன் சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டது என்று பையன்கள் சிரித்தார்கள். நீ வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்றாய். நான் உன்னைச் சமாதானப்படுத்த என்ன செய்தேன் தெரியுமா, போய் பிரியாணி வாங்கி வந்தேன். அப்புறம் நீ வளர்ந்து வேலைக்குப் போனதும், வாயைக் கட்டு, நடைபோடு என்று நானே உன்னைத் திட்டத் தொடங்கினேன். கிருஷ்ணகிரியில் யாரோ விற்ற ஒரு பொடியை ஆறு மாதம் குடிக்க வைத்தேன். உன்னை ஏற்றிவிட்டவனே இறங்கு இறங்கு என்று கத்தியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

முதல் ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஒரு வருடத்தில் தொண்ணூற்றிரண்டு கிலோவுக்கு வந்தாய். சுகர் மாத்திரையை நிறுத்தினார்கள். ரூபாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாய். அவள் வீட்டில் கன்னடம்தான் பேச்சு என்று நான் முதலில் தயங்கினேன். உன்னைப் பெருத்த உடம்போடு பார்த்தே உன்னிடம் பிரியமாக இருந்தவள் அவள் என்று தெரிந்த பிறகு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த நாட்களில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று உனக்குத் தெரியாது. தெருவில், கோயிலில், பஸ் ஸ்டாண்டில், கேட்டவர்களிடமெல்லாம், டாக்டர் பெரிய ஆபரேஷன் சொன்னார், நான்தான் சின்னதே போதும் என்று பிடிவாதமாக நின்றேன் என்று சொல்லித் திரிந்தேன். பொய் சொன்னோமே என்ற உறுத்தல்கூடக் கரைந்துவிட்டது. பெற்றவன் சொன்ன பொய் பிள்ளைக்கு நல்லதாகத்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வருடம் நீ சாய்ந்து தூங்கத் தொடங்கினாய். பாப்பா பிறந்த புதிது, அவளை மடியில் வைத்துக்கொண்டு அப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். அப்புறம் இருமல். அப்புறம் உன் குரல் கரகரத்துப் போய், ஃபோனில் பேசினால் யாரோ போல இருந்தது. சாப்பிட்ட சோறு அப்படியே மேலே வந்துவிடும். தொட்டியில் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். எடையும் மெல்ல மெல்லத் திரும்பி நூற்றுப் பதினேழுக்கு வந்தது, அதோடு சுகரும் வந்தது. மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் போயிற்று. போன மாதம் ரூபா பிடிவாதமாக உன்னைப் பெங்களூரில் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டு வந்தேன்.

அங்கே அந்த டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, சாப்பாடு இறங்கும் குழலின் அடிப்பக்கம் வெந்துபோயிருக்கிறது, இப்படியே விட்டால் பின்னால் பெரிய வம்பாகிவிடும் என்றார். இருக்கிற வழிகளையும் சொன்னார். மாத்திரையைக் கூட்டி இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம், ஆனால் அது மருந்தாகாது. குடலை ஒரே இடத்தில் சேர்க்கிற ஒரு முறை இருக்கிறது, கொஞ்சம் சுலபம், ஆனால் உங்களுக்கு அதில் பித்தநீர் மேலே வரலாம். அதனால் இரண்டு ஜாயிண்ட் போடுவதுதான் உங்களுக்குச் சரி, ஆனால் ஏற்கெனவே ஒருமுறை கத்தி பட்ட இடம் என்பதால் முதல்முறை செய்வதைவிடக் கஷ்டம் என்றார். பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"நெஞ்செரிச்சல் இல்லன்னு எழுதியிருக்காங்களே. அப்ப நெஜமாவே இல்லையா?"

அறையில் நாலு பேர் இருந்தோம். நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"இருந்துச்சு மேடம். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்" என்றாய்.

அவர் லேசாகத் தலையை அசைத்துவிட்டு, அப்பவே சொல்லியிருந்தா இந்த ரெண்டாவது ஆபரேஷன் வந்திருக்காது என்றார். ரூபா உன் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் உன்னிடம் சண்டை போட்டது எனக்குக் கேட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை யாராவது டாக்டரிடம் மறைப்பார்களா, இப்போது பாப்பாவை வைத்துக்கொண்டு இன்னொரு ஆபரேஷனா என்று கேட்டாள். நீ, தப்புதான், விடு என்றாய். நான் அடுப்படியில் நின்று கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு வந்து, அவன் இல்லை, நான் என்று சொல்ல நாலு அடி எடுத்து வைத்தால் போதும். என்னால் முடியவில்லை. இந்த முறை எந்த ஆபரேஷன் என்று நீ என்னைக் கேட்கவில்லை. ரூபாவோடு உட்கார்ந்து பேசி, இரண்டு ஜாயிண்ட் என்று முடிவு பண்ணி, தேதி வாங்கிவிட்டு என்னிடம் தகவலாகச் சொன்னாய். கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயில்லை, செய் என்று சொல்லத் தைரியமில்லை.

இந்தத் திங்கட்கிழமை டியூட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பெங்களூருக்குப் போனேன். அந்த டாக்டரம்மாவைப் பார்க்க மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் கோலார் பக்கம், நன்றாகத் தமிழ் பேசுகிறார். அன்றைக்கு என் மகன் சொன்னது பொய், நெஞ்செரிச்சல் இல்லை என்று சொன்னது நான்தான், ஃபைலில் அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இப்ப அது எந்த முடிவையும் மாத்தாதுங்கய்யா என்றார் அவர். அப்படியானால் நான் வந்ததே வீண் என்று எழுந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவர் கேட்டதும் திரும்பவும் உட்கார்ந்து, உன் அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். பேனாவை எடுத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளுக்கு அப்போது என்ன வயசு? முப்பத்து நாலு. அடைப்பு எதனால் என்று சொன்னார்கள்? கட்டி என்றார்களோ, குடல் ஒட்டிக்கொண்டது என்றார்களோ, எனக்குக் காதில் ஏறவில்லை என்றேன். வெட்டி எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பினார்களா?

அனுப்பினார்கள் மாதேஷு. ஒரு சீட்டும் கொடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்து வந்து ரிசல்ட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். ஆளே போய்விட்ட பிறகு ரிசல்ட்டை வாங்கி என்ன செய்வது என்று நான் போகவில்லை. அவள் பாயையும் துணிகளையும் எரித்தபோது அந்தச் சீட்டையும் அதிலேயே போட்டுவிட்டேன். அந்த ரிசல்ட்டில் உனக்குத் தேவையான ஒன்று இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. நேற்று லீவு போட்டுவிட்டு அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய் விசாரித்தேன். அவ்வளவு பழைய ரிஜிஸ்டர் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்தேன்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா அம்மாவுக்கு சின்ன வயசுல குடல்ல ஏதாவது கட்டி இருந்திருந்தா, பையனுக்கும் பாக்கணும். கை வைக்கிறதுக்கு முன்னாடி குடலுக்குள்ளயும் ஒருதடவை குழாய் விட்டுப் பாத்துட்டா நல்லது. இதை நான் அவர்கிட்ட சொல்றதைவிட நீங்க சொல்லணும். அட்மிஷனுக்குள்ள சொல்லுங்க."

அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குப் பயம் உண்டாக்க எழுதவில்லை. உன் கையில் இருபத்தொரு வருடம் முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டியதை இன்றைக்குக் கொடுக்கிறேன், அதுவும் பாதிதான், மீதி சாம்பலாகிவிட்டது. அந்தப் பரிசோதனையால் ஆபரேஷன் பத்து நாள் தள்ளிப்போனால் போகட்டும். இவ்வளவு நாள் கஞ்சியும் பருப்புத் தண்ணீருமாகக் குடித்து உடம்பைத் தயார் பண்ணினது வீணாகிறதே என்று உனக்குக் கோபம் வரும். முந்தாநாள் பாப்பா ஒரு பிஸ்கட்டைக் கொண்டுவந்து உன் வாயில் வைக்கப் பார்த்தாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அழுதாள், நீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அதையெல்லாம் இன்னும் பத்து நாள் தாங்கு என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது.

தகப்பன் என்று ஒரு புத்தியாவது சொல்ல வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். எந்த ஆபரேஷன் நல்லது என்று எனக்குத் தெரியாது, சாப்பாட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் கிடையாது. ஒன்று மட்டும் இருக்கிறது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, வருடங்கள் கழித்துக்கூட, குடல் ஏதாவது இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்ளலாம், அப்படித் திடீரென்று வயிறு வலித்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று அந்த அம்மா உங்கள் இருவரிடமும் சொன்னார் அல்லவா. அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ளாதே. நீ மறுபடி வேலைக்குப் போய்விட்டிருப்பாய், லைனில் ஆள் குறைவாக இருக்கும், வாயுவாக இருக்கும், சோடா குடித்தால் போய்விடும் என்று மனசு சொல்லும். கேட்காதே. வயிற்று வலிக்கு ஒரு சாயங்காலம்கூடக் காத்திருக்காதே. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சத்து மாத்திரைகளை ஆயுசுக்கும் விடாமல் போடு, அவர்கள் வேண்டாம் என்ற வலி மாத்திரையைத் தொடாதே. யாராவது, நானே ஆனாலும் சரி, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னால், எங்களைத் தள்ளிவிட்டுப் போ. நான் உனக்கு மனசாரச் சொல்லக்கூடியது இதுதான்.

ரூபாவிடம் இன்றைக்குச் சாயங்காலம் நானே சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் மறைத்தது நீ இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டாலும் சரி, உன்னைப் பற்றி ஒரு தப்பான எண்ணத்தோடு அவள் அந்த ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கக் கூடாது. பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் மூன்று நாளும் லீவு சொல்லிவிட்டேன். அவளுக்கு எந்நேரத்துக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று ரூபா ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். அதில் இருப்பதை மட்டும் கொடுப்பேன், அவள் வேறு கேட்டு அழுதால் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருவேன்.

இதைப் படித்து முடித்ததும் உன் நெஞ்சில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நீ பழியை உன் தலையில் போட்டுக்கொண்டதைப் போல இன்னொரு தடவை செய்யாதே. விடுங்கப்பா, பரவாயில்லை என்று சொல்லி என்னை லேசாக விட்டுவிடாதே. அம்மாவைப் பற்றி இவ்வளவு காலம் பொய் சொன்னவனோடு பேச்சு வேண்டாம் என்று தோன்றினால் பேசவே வேண்டாம். நான் இரண்டு மணிக்கு டியூட்டி முடித்து வந்து இதை உன் தலைமாட்டில் வைத்துவிட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். நீ படித்துவிட்டு, உடனே டாக்டரம்மாவுக்கு ஃபோன் போடு. முதலில் அவரிடம் பேசு. அப்புறம் ரூபாவிடம் பேசு. எல்லாம் முடிந்து, உடம்பு தேறி, என்றைக்காவது ஒருநாள் உனக்கே தோன்றினால், அப்புறம் நான்.

உன் அப்பா